எம்டனும் பினாங்குக் கல்லறையும்

எவரிடமும் பிடிகொடுக்காத தந்திரக்காரனையும், யாருக்கும் அடங்காத முரடனையும், வீட்டையே ஆட்டிவைக்கும் கண்டிப்பான தகப்பனையும் குறிக்க 'எம்டன்' என்ற ஒரே சொல்லைத் தமிழ் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. சென்னைக் கடற்கரையில் விழுந்த பீரங்கிக் குண்டுகளால் பிறந்த இந்தப் பேச்சுவழக்கு, கப்பலேறிப் பிழைக்கச் சென்ற மக்களோடு தமிழ் வழங்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. கோலாலம்பூரில் ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த செந்தூலின் மூத்த தலைமுறைக்கும் "அவன் சரியான எம்டன்" என்றால் தனியே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மலையாளத்தில் அளவில் பெரிய எதையும் 'எமண்டன்' என்பார்கள். சிங்களத்திலும் சூழ்ச்சிக்காரனுக்கு இதே பெயர் உண்டு. 2006ஆம் ஆண்டில் 'எம்டன் மகன்' என்ற பெயரோடு உருவான தமிழ்த் திரைப்படம், தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்குத் தமிழக அரசு வரிவிலக்கு அளித்த வேளையில் 'எம் மகன்' என்று மாறியது. மக்கள் நாவில் தமிழாகவே ஆகிவிட்ட ஒரு சொல்லை, அது அயல்மொழிக் கப்பலின் பெயர் என்று அரசாணை ஒன்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

கப்பலின் பெயர் இந்த அளவுக்கு ஊறிப்போன மொழியில், அதை நடத்திய தளபதி கார்ல் வான் முல்லரின் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அவரது தாக்குதலில் உயிரிழந்து பினாங்கு மண்ணில் புதைக்கப்பட்ட மாலுமிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. இத்தனைக்கும் அந்தக் கல்லறை தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஜார்ஜ்டவுன் நகரிலேயே இருக்கிறது.

எம்டன் ஒரு 'குரூசர்' வகைப் போர்க்கப்பல். போர்க்கப்பல்களில் மிகப் பெரியவற்றைப் போலத் தடித்த கவசமும் பெரும் பீரங்கிகளும் இல்லாமல், வேகத்தையும் நெடுந்தூரம் ஓடும் திறனையும் முதன்மையாகக் கொண்டு கட்டப்பட்டவையே குரூசர்கள். டான்சிக் நகரத்துக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1908இல் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பலுக்கு வடகடல் ஓரத்தில் உள்ள எம்டன் என்ற ஜெர்மானிய ஊரின் பெயரைச் சூட்டினார்கள். மூன்று புகைபோக்கிகள், 10.5 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பத்துப் பீரங்கிகள், நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்பிடோக்களை ஏவ இரண்டு குழாய்கள், ஏறக்குறைய 360 மாலுமிகள் என்பது அதன் பலம். சீனக் கடற்கரையில் ஜெர்மனி குத்தகையாக வைத்திருந்த சிங்தாவ் துறைமுகமே அதன் தாயகமாக இருந்தது. 1873இல் ஹனோவரில் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்த முல்லர் 1913இல் கப்பலின் பொறுப்பை ஏற்றார். அதிகம் பேசாதவர், இளமையில் கிழக்கு ஆப்பிரிக்கப் பணியின்போது பற்றிய மலேரியாவை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்.

முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டில், கிழக்கு ஆசியாவிலிருந்த ஜெர்மானியக் கடற்படைப் பிரிவு பசிபிக் கடலின் பாகன் தீவில் கூடியபோது, ஒரு கப்பலை மட்டும் தனியே பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் முல்லரே. அந்தக் கப்பல் செய்ய வேண்டிய வேலை வணிகப் போர், அதாவது எதிரியின் சரக்குக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் அவனது வாணிபத்தை முடக்குவது. அக்காலப் போர்விதிகளின்படி ஒரு வணிகக் கப்பலைக் கண்டவுடன் சுட்டுவிட முடியாது. நிறுத்தச் சொல்லி, ஆட்களை ஏற்றிச் சோதித்து, அதில் உள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பிறகே மூழ்கடிக்க வேண்டும். நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாத கடலில் இதைச் செய்வதற்குத் துணிவைவிட நிலக்கரியே முதல் தேவை. கொதிகலன்கள் ஒவ்வொரு நாளும் டன் கணக்கில் விழுங்கும் கரியைப் பிடிபட்ட கப்பல்களிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடுக்கடலில் இரண்டு கப்பல்களை ஒட்டி நிறுத்தி, வெப்பமண்டல வெயிலில் மூட்டை மூட்டையாகக் கரியைத் தோளில் ஏற்றி இறக்கிய மாலுமிகளின் உழைப்பே அந்தப் புகழ்பெற்ற வேட்டையின் பெரும்பகுதி என்பதைச் சாகசக் கதைகள் சொல்வதில்லை. ஆங்கிலேயக் குரூசர்கள் சிலவற்றுக்கு நான்கு புகைபோக்கிகள் இருந்ததால், எம்டனிலும் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைச் செய்து நிறுத்தினார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர்களை ஏமாற்ற அது போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன. தேயிலை ஏற்றி வந்த டிப்ளமேட் மூழ்கடிக்கப்பட்டது. கபிங்கா என்ற கப்பலின் சரக்கு போரில் சேராத அமெரிக்கர்களுடையதாக இருந்ததாலும், அதன் தலைவர் மனைவியோடும் குழந்தையோடும் பயணம் செய்ததாலும், அதை அழிக்காமல் மற்றக் கப்பல்களின் ஆட்களையும் அதிலேயே ஏற்றிக் கரைக்கு அனுப்பிவைத்தார் முல்லர்; பிரிந்து செல்லும்போது அந்த ஆங்கிலேயர்கள் எம்டனை நோக்கி வாழ்த்தொலி எழுப்பினார்கள். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கண்ணியமானவர் என்று எழுதத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஒரே கப்பலுக்கு அஞ்சிக் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் வணிகக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகராமல் காத்துக்கிடந்தன.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. போர்க்காலம் என்ற எண்ணமே இல்லாமல் கலங்கரை விளக்கம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. அந்நாளில் அவ்விளக்கு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்ததால், நீதிமன்றமே பகைவனுக்கு வழிகாட்டியது எனலாம். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்குகளைக் குறிவைத்து ஏறத்தாழ 130 குண்டுகள் சுடப்பட்டன. கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலும் தாக்கப்பட்டது, குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். ஒரு குண்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது. அந்த இடத்தில் பதிக்கப்பட்ட நினைவுப் பலகை இன்றும் உண்டு. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதிலுக்குச் சுடுவதற்குள் கப்பல் விளக்கணைத்து இருளில் மறைந்துவிட்டது. ராணுவக் கணக்கில் இழப்பு சிறியது. ஆனால் ஆங்கிலேயரின் கடல் வலிமை அசைக்க முடியாதது என்று நம்பியிருந்த நகரம் ஓரிரவில் கலைந்தது. அடுத்த நாள்களில் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் மக்கள் சென்னையைவிட்டு வெளியேறினார்கள். 'எம்டன்' தமிழ்ச் சொல்லானது அந்த ஓட்டத்தில்தான்.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இக்கப்பலில் இருந்து தாக்குதலை வழிநடத்தினார் என்ற செய்தியும் பல தமிழ் நூல்களில் காணப்படுகிறது. ஆனால் அவர் 1914 கோடையில் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் பெர்லினுக்குச் சென்றவர். போர் மூளும் முன்பிருந்தே ஆசியக் கடலில் இருந்த கப்பலில் அவர் ஏறியதற்குச் சான்று இல்லை. பெர்லினில் அவர் செய்த பணிகளே அவர் பெருமைக்குப் போதும். எம்டனை அவருக்கு இரவல் கொடுக்க வேண்டியதில்லை.

சென்னையில் விழுந்த குண்டுகள் அச்சத்தை விதைத்தன என்றால், பினாங்கில் நடந்ததோ படுகொலைக்கு அருகில் வரும் போர். 1914 அக்டோபர் 28ஆம் நாள் விடியுமுன், போலிப் புகைபோக்கியோடு எம்டன் பினாங்கு நீரிணைக்குள் நுழைந்தது. துறைமுகத்தில் பிரெஞ்சுச் சிறு போர்க்கப்பல்களும், 'முத்து' என்று பொருள்படும் ஜெம்சுக் என்ற ரஷ்யக் குரூசரும் நங்கூரமிட்டிருந்தன. 1905இல் ஜப்பானியரிடம் ரஷ்யக் கடற்படை பெருந்தோல்வி கண்ட சுஷிமாப் போரிலிருந்து தப்பிப் பிழைத்த கப்பல் அது. கொதிகலன்களைத் துப்புரவு செய்வதற்காக நின்றிருந்த அக்கப்பலில் குண்டுகளில் மிகச் சிலவே பீரங்கிகளுக்கு அருகில் இருந்தன. மற்றவை பூட்டி வைக்கப்பட்டிருந்தன. கப்பலின் தளபதி கோமான் செர்காசொவ் கரையில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார்.

சில நூறு மீட்டர் தொலைவிலிருந்து எம்டன் ஜெர்மானியக் கொடியை உயர்த்தி, ஏறத்தாழ ஐந்தே கால் மணிக்கு முதல் டார்பிடோவை ஏவியது. போலி வேடத்தில் நெருங்கலாம், ஆனால் சொந்தக் கொடியை ஏற்றாமல் சுடக்கூடாது என்பது போர்விதி. முல்லர் அதைக் காத்தார். டார்பிடோ தாக்கிய அதே வேளையில், மாலுமிகள் உறங்கிக்கொண்டிருந்த முன்பகுதியைப் பீரங்கிகள் சல்லடையாக்கின. ரஷ்யர்களில் சிலர் பீரங்கிக்கு ஓடிப் பதிலுக்குச் சுட்டார்கள். எம்டன் நீரிணைக்குள்ளேயே திரும்பி வந்து ஏவிய இரண்டாவது டார்பிடோவில் ஜெம்சுக் வெடித்துப் பிளந்து, சில நிமிடங்களில் மூழ்கியது. கொடிமர உச்சி மட்டும் நீருக்கு மேலே நின்றது. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கரையிலிருந்து விரைந்த படகுகளே நீரில் தத்தளித்தவர்களை மீட்டன.

இரண்டு மணி நேரம் கழித்து, துறைமுகத்துக்கு வெளியே முக்கா முனைக்கு அப்பால், காவல் சுற்றிவிட்டுத் திரும்பிய முஸ்கே என்ற சிறிய பிரெஞ்சுக் கப்பலை எம்டன் எதிர்கொண்டது. ஏறத்தாழ முந்நூறு டன் மட்டுமே எடையுள்ள அக்கப்பலுக்கு வெல்லும் வாய்ப்பே கிடையாது. அதன் தலைவர் தெருவான் கால்களை இழந்த பிறகும் கட்டளை மேடையை விட்டு அகலாமல் கப்பலோடு மூழ்கினார். தொலைவில் வேறொரு கப்பல் துரத்தி வருவதாகத் தோன்றிய நிலையிலும் முல்லர் படகுகளை இறக்கி 36 பேரை நீரிலிருந்து மீட்டார். அவர்களில் மூவர் காயங்களால் இறந்தபோது, ஜெர்மானிய மாலுமிகள் சீருடையில் அணிவகுத்து நிற்க, போர் மரியாதையுடன் உடல்கள் கடலில் அடக்கம் செய்யப்பட்டன. எஞ்சியவர்களை, வழியில் நிறுத்திய ஓர் ஆங்கிலேய வணிகக் கப்பலில் ஏற்றி, அதை மூழ்கடிக்காமல், சுமத்ராவின் சபாங் துறைமுகத்துக்கு அனுப்பினார். பினாங்கை விட்டு வெளியேறும்போதே, ரஷ்ய மாலுமிகளை மீட்க முடியாமற்போனதற்கும், ஆயுதமில்லாத ஒரு வழிகாட்டிப் படகைத் தவறாகச் சுட்டதற்கும் வருத்தம் தெரிவித்து மற்றொரு வணிகக் கப்பல் வழியாகச் செய்தி அனுப்பியிருந்தார். உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றதை இந்த மரியாதைகள் ஈடுசெய்துவிடாது. முல்லரின் கண்ணியமும் உண்மை, ஜெம்சுக்கின் முன்பகுதியில் நடந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்கள் இருதரப்பிலும் உண்டு.

எம்டனின் ஓட்டம் அதன்பின் இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்சன் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க, துணைத் தளபதி மூக்கே தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேர் கரையிறங்கியிருந்தபோது, நிலையத்தார் முன்பே அனுப்பிய அபாயச் செய்தியைக் கேட்டு, ஆஸ்திரேலியப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் அங்கு விரைந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, அதன் வேகமும் கூடுதல். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நடந்த சண்டையில் உருக்குலைந்த எம்டனை, மூழ்கவிடாமல் வடகீலிங் தீவின் பவளப் பாறை மீது ஏற்றி நிறுத்தினார் முல்லர். ஜெர்மானியர்களில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சிட்னியில் நால்வர். எம்டனின் பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் இன்றும் நிறுத்தப்பட்டிருக்கிறது. உயிர் தப்பிய மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை ஜெர்மனி வழங்கியது. ஒரு கப்பலின் பெயர் தமிழில் வசைச்சொல்லாகவும் ஜெர்மனியில் குடும்பப் பெயராகவும் வாழ்வது விந்தைதான்.

முல்லர் மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் போர்க்கைதியாக இருந்து, 1917இல் தப்பிக்க முயன்று பிடிபட்டு, மலேரியா முற்றியதால் 1918இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, போர் முடியும் தறுவாயில் நாடு திரும்பினார். தம் சாகசங்களைப் புத்தகமாக எழுதச் சொல்லிப் பதிப்பாளர்கள் வற்புறுத்தியபோது, தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவது போலத் தோன்றுகிறது என்று மறுத்துவிட்டார். 1923 மார்ச் 11இல், ஐம்பது வயது நிறையுமுன் இறந்தார். பினாங்கில் கரையில் தங்கியிருந்த செர்காசொவின் கதை வேறு விதமானது: ரஷ்யக் கடற்படை நீதிமன்றம் அவரது பதவியையும் கோமான் பட்டத்தையும் பறித்துச் சிறைத்தண்டனை விதித்தது; பிறகு அது சாதாரண மாலுமியாகப் போர்முனைக்கு அனுப்புவதாக மாற்றப்பட்டது.

போரில் மடிந்தவனை நினைவுகூர்வதில் தமிழருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று, கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள், மன்னனின் ஆட்சியாண்டையும், இறந்தவனின் பெயரையும், எந்த ஆநிரைக்காக எந்த ஊரில் பட்டான் என்பதையும் சுருக்கமாகச் சொல்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் அவற்றில் தனிச்சிறப்பு வாய்ந்தது; மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; கள்வரோடு போராடிய அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நடுகல் மரபில் தளபதிக்கும் காவலாளுக்கும் வேறுபாடு இல்லை. இறந்தவனுக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் உண்டு என்பதே அதன் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால், எம்டன் கதையில் தமிழ் செய்தது முறைக்கு மாறானது: கொன்ற கப்பலின் பெயரைச் சேர்த்துக்கொண்டு, பட்டவர்களை விட்டுவிட்டது.

மலேசியத் தமிழர்களின் சொந்த இழப்புகளிலேயே இந்தக் குறை உண்டு. கோலாலம்பூர் ஏரித் தோட்டத்தருகே 1966இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னத்தையும், ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து அங்கே கொண்டுவந்து நிறுவப்பட்ட போர் நினைவுத் தூணையும் பார்க்காதவர்கள் அரிது. ஜூலை 31 வீரர் தினம் என்பதும் தெரிந்ததே. மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாக 1967இல் பொறுப்பேற்றவர் தமிழரான தனபாலசிங்கம் என்பதைப் பெருமையுடன் சொல்பவர்களும் உண்டு. அதே வேளையில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்களில் பெயர் பொறித்த கல்லறை கிடைத்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அப்பாதை சென்ற தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளுடையவை. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு விமானங்கள் செந்தூல் ரயில்வே பட்டறையைக் குண்டுவீசித் தகர்த்தன. அந்த நாள்களை அப்பகுதிப் பெரியவர்களின் பேச்சில்தான் இனித் தேட வேண்டும்.

ஜெம்சுக் மாலுமிகளுக்குக் கல் கிடைத்தது. ஜார்ஜ்டவுனில் வெஸ்டர்ன் ரோடு என்று முன்பு அழைக்கப்பட்ட ஜாலான் உத்தாமாவில் உள்ள கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜெரஜாக் தீவிலும் அவர்களில் சிலருக்கு நினைவிடம் உண்டு. பேரரசு போய், சோவியத் ஒன்றியம் வந்து, அதுவும் போய் மூன்றாவது அரசு நடக்கும் நாட்டிலிருந்து இன்னும் ஆள்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்: சோவியத் மாலுமிகள் அந்தச் சின்னத்தைப் புதுப்பித்தார்கள், இன்றைய ரஷ்யத் தூதரகம் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறது. கொடியும் ஆட்சியும் மாறியும் கல்லை விட்டுவிடாத அந்தப் பிடிவாதத்தைக் காஞ்சனபுரியை நினைத்துக்கொண்டு பார்க்கும் தமிழருக்குச் சற்று உறைக்கும்.

செந்தூலிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் சென்று, அங்கிருந்து பட்டர்வொர்த் செல்லும் ரயிலைப் பிடித்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடற்கரையை அடையலாம். அங்கே ஏறும் பயணப் படகு ஜார்ஜ்டவுனுக்குக் கடக்கும் நீரிணையில்தான் ஜெம்சுக் மூழ்கியது. நினைவு நாள் அக்டோபர் 28.